கம்ப்ரஸர் வாங்கியாச்சு... தண்ணியை யார் வெளியே விடறது?

வீட்டில் ஏர் கம்ப்ரஸர் வைத்திருப்பவர்களை இரண்டு வகையாகப் பிரித்து விடலாம். டாங்குக்கு அடியில் ஒரு திருகு இருக்கிறது என்று தெரிந்தவர்கள் ஒரு வகை. தெரியாதவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது கட்சிக்குத்தான் மெஜாரிட்டி. தெரிந்தவர்களிலும் கடைசியாக அதை எப்போது திறந்தீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் மேலே மின்விசிறியைப் பார்ப்பார்கள்.

நான் மெக்கானிக் கிடையாது. பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்து, டிரான்ஸ்ஃபர் ஆர்டர் போன இடமெல்லாம் போய், இப்போது நவி மும்பையில் குப்பை கொட்டிக் கொண்டிருக்கிறேன். இருப்பது ஒரு சின்ன ரோ ஹவுஸ். கீழே ஷட்டர் போட்ட கராஜ். கார், ஸ்கூட்டர், பையனின் சைக்கிள், ஊரிலிருந்து வந்த அரிசி மூட்டை, இவற்றோடு 50 லிட்டர் டாங்க் வைத்த ஒரு 2 ஹெச்.பி. கம்ப்ரஸர். எங்கள் வரிசையில் மட்டும் இப்படி நாலு வீட்டில் இருக்கிறது. டயருக்குக் காற்று, பைக் செயின் சுத்தம், கிரில் கேட்டுக்கு ஸ்ப்ரே பெயிண்ட், ஏ.சி. ஃபில்டரில் தூசி என்று ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாலு வீட்டிலும் டகடகவென்று சத்தம். (தங்கமணிகள் எல்லோரும் காதைப் பொத்திக் கொள்வது தனிக்கதை.)

சொல்ல வந்த கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். கம்ப்ரஸரில் சேரும் தண்ணீர் பிரச்சினை, காசு கொடுத்து எதையாவது வாங்கி மாட்டினால் தீருகிற பிரச்சினை இல்லை. ரெண்டு நிமிஷ வேலையை ஒவ்வொரு தடவையும் செய்தால் தீருகிற பிரச்சினை. அந்த ரெண்டு நிமிஷத்தை ஒதுக்க முடியாதவர், குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் கம்ப்ரஸர் வைத்துக் கொள்ளாமல் இருப்பதே நல்லது. கொஞ்சம் காட்டமாகத்தான் இருக்கும். காரணத்தைக் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

வரவு செலவுக் கணக்கு

"காற்றைத்தானே உள்ளே அடைக்கிறோம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நமக்குத் தெரிந்த பாஷையில் ஒரு லெட்ஜர் போட்டுப் பார்ப்போம்.

காற்றில் நீராவி எப்போதும் உண்டு. எவ்வளவு தாங்கும் என்பதை வெப்பநிலை முடிவு செய்யும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் இடத்தில் அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவி நிற்கும். மும்பையில் ஜூலை மாதம் ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக் கொண்டால், ஒரு கன மீட்டர் காற்றோடு கிட்டத்தட்ட 26 கிராம் நீர் உள்ளே போகிறது. இது வரவு.

இந்த ஒரு கன மீட்டரை கேஜில் 8 பார் (நம்ம பஞ்சர் கடை பாஷையில் சுமார் 116 பி.எஸ்.ஐ.) வரும் வரை அமுக்கினால், அது ஒன்பதில் ஒரு பங்கு இடத்தில் அடங்கி விடும். நீராவி எவ்வளவு நிற்கலாம் என்பது இடத்தைப் பொறுத்தது. காற்றை எவ்வளவு அமுக்கியிருக்கிறோம் என்பது அதற்குக் கணக்கே இல்லை. அதனால் ஆறிய பிறகு அந்தக் குறுகிய இடத்தில் நிற்க முடிந்தது 3.4 கிராம்தான். மீதி 22 கிராம் சொச்சம்? டேலி ஆகாத தொகை எங்கேயாவது இருந்தாக வேண்டுமே. அதுதான் டாங்க் அடியில் தண்ணீராகக் கிடக்கிறது.

காலி டாங்கை ஒரு தடவை 8 பார் வரை நிரப்பினாலே இந்தக் கணக்கில் சுமார் 10 கிராம், அதாவது ரெண்டு டீஸ்பூன் தண்ணீர் சேரும். நிமிஷத்துக்கு 140 லிட்டர் காற்று தரும் மெஷின் ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் கிட்டத்தட்ட 190 கிராம். ஒரு டம்ளருக்குச் சற்றே குறைவு. கேட்டுக்கு பெயிண்ட் அடிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு டம்ளர் தண்ணீரை காற்றிலிருந்து பிழிந்து எடுத்திருக்கிறீர்கள்!

"நாங்க டெல்லியில இருக்கோம், இங்கே காத்து காய்ஞ்சு போய்க் கிடக்கு" என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். மே மாதம் 40 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றாலும் கன மீட்டருக்கு 10 கிராம் உள்ளே போகும். அமுக்கி ஆறிய பிறகு அதில் 4, 5 கிராம் தண்ணீராக விழுந்தே தீரும். பெங்களூரில் 25 டிகிரி, 70 சதவீதம் என்றால் 13 கிராம் போல. ஆக ஊருக்கு ஊர் தொகைதான் மாறுகிறது. பற்று வைக்காத ஊர் கிடையாது.

இன்னொன்று. "என்னுது ஆயில் ஃப்ரீ மெஷின்" என்று பெருமைப்படுபவர்களுக்கும் இதே கணக்குதான். எண்ணெய் வராது, அவ்வளவே. தண்ணீர் அட்சரசுத்தமாக வரும்.

ஃபில்டர் மாட்டியும் கன்னில் தண்ணீர் ஏன்?

இதுதான் அதிகம் கேட்கப்படும் புலம்பல். கடைக்காரர் சொன்னார், டாங்க் வாயிலேயே வாட்டர் செபரேட்டர் மாட்டினேன், அப்படியும் ஸ்ப்ரே கன்னில் துப்புகிறது, பெயிண்ட் எல்லாம் கொப்புளம். ஃபில்டர் டூப்ளிகேட் போலிருக்கிறது...

ஃபில்டர் பாவம். அது நல்லதாகவே இருக்கலாம். வைத்த இடம் தப்பு. வீட்டு உபயோகத்துக்கு வரும் வாட்டர் செபரேட்டர் தண்ணீர்த் துளியை மட்டும்தான் பிடிக்கும். ஆவியாகப் போவதை அதனால் பிடிக்க முடியாது. அமுக்கும்போது காற்று நன்றாகச் சூடாகிறது. ஹெட்டிலிருந்து டாங்குக்குப் போகும் குழாயைத் தொட்டால் விரல் பொத்துவிடும். பத்து நிமிஷம் ஓடினாலே டாங்கும் வெதுவெதுப்பாகி விடும். டாங்க் காற்று 45 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். அதில் நம் ஒரு கன மீட்டர் கணக்குக்கு 7.6 கிராம் வரை ஆவியாகவே இருக்க முடியும். அது ஃபில்டரை "டாட்டா" காட்டித் தாண்டிப் போய், ஹோஸில் 30 டிகிரிக்கு ஆறும். அங்கே 3.4 கிராம்தான் ஆவியாக இருக்கலாம். மிச்சம் 4 கிராம் சொச்சம் ஹோஸுக்குள் தண்ணீராகி, நேரே கன்னுக்கு வந்து சேரும்.

ஆகவே வரிசைதான் முக்கியம். முதலில் ஆற வைக்க வேண்டும். அப்புறம் தண்ணீரைப் பிரிக்க வேண்டும். அதற்கும் அப்புறம்தான் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

மூன்றாவதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பல சின்ன மெஷின்களில் ரெகுலேட்டரை டாங்க் வாயிலேயே வைத்துத்தான் விற்கிறார்கள். நாமும் அங்கேயே 3 பாருக்குத் திருகி வைத்து விடுகிறோம். அப்படிச் செய்தால் என்ன ஆகும்? 45 டிகிரியில் 7.6 கிராம் ஆவி வைத்திருக்கும் காற்று விரிந்து, 3 பாருக்கு வந்து, 30 டிகிரிக்கு ஆறும்போது கிட்டத்தட்ட நூறு சதவீத ஈரப்பதத்தோடு நிற்கும். ஒரு சொட்டு கீழே விழுவதற்கு ஒரு மயிரிழைதான் பாக்கி.

அதே காற்றை 8 பாரிலேயே வைத்து முதலில் ஆற விட்டு, விழுந்த தண்ணீரை ஃபில்டரில் பிடித்துவிட்டு, கடைசியில் 3 பாருக்கு இறக்கினால்? அதில் இருப்பது 3.4 கிராம்தான். அந்த அழுத்தத்தில் 7.6 கிராம் வரை தாங்கும். ஈரப்பதம் ஏறக்குறைய 45 சதவீதம்! அதே மெஷின், அதே ஃபில்டர், அதே ரெகுலேட்டர். இடம் மாற்றியதற்கே பாதி ஈரம் போய் விட்டது. ஒரு பைசா கூடுதல் செலவில்லாமல் இப்படி ஒரு லாபம் எந்த டெபாசிட்டிலும் கிடையாது, வங்கிக்காரன் சொல்கிறேன் நம்புங்கள் :-)

செய்ய வேண்டியது இவ்வளவுதான். டாங்க் ரெகுலேட்டரை முழுக்கத் திறந்து விட்டு, இன்னொரு ஃபில்டர்-ரெகுலேட்டரை சுவரில் தூரமாக, வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். நடுவில் காற்று ஆறுவதற்கு நீளமான உலோகக் குழாயோ, பத்துப் பதினைந்து மீட்டர் ஹோஸோ போதும். ஒரே ஒரு எச்சரிக்கை. முழு அழுத்தமும் இப்போது அந்த ஹோஸில் வரும். ஹோஸ் மேலே அச்சடித்திருக்கும் பார் எண் உங்கள் மெஷினின் உச்ச அழுத்தத்தை விடத் தாராளமாக அதிகம் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். எண்ணே இல்லாத ஹோஸை வாங்காதீர்கள்.

ரொம்ப நுணுக்கமான பெயிண்டிங் வேலையா? ஏ.சி. மெக்கானிக்கிடம் சொல்லி செப்புக் குழாயைச் சுருளாகச் சுற்றி வாங்கி, தண்ணீர் வாளிக்குள் முக்கி, அதன் வழியாகக் காற்றை அனுப்புங்கள். அதற்குப் பிறகு ஃபில்டர். வாளியில் நாலு ட்ரே ஐஸ் கொட்டினால் இன்னும் பிரமாதம். காற்று 5 டிகிரி வரை ஆறி, விழுந்த தண்ணீர் முழுக்கப் பிரிந்து விட்டால், கணக்குப்படி 3 பாரில் ஈரப்பதம் பத்து சதவீதத்துக்கும் கீழே போய் விடும். நிஜத்தில் எல்லாத் துளியும் மாட்டாது என்றாலும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஏழைகளின் ட்ரையர்.

கடைக்காரரின் வரிசையும் என் வரிசையும்

கடையில் போய் "தண்ணி வருது" என்று சொன்னால் முதலில் ஃபில்டர் காட்டுவார்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் சிலிக்கா ஜெல் ட்ரையர். அப்புறம் ரெஃப்ரிஜரேட்டட் ட்ரையர். விலை ஏறிக் கொண்டே போகும். நான் இதைத் தலைகீழாகப் படிக்கச் சொல்கிறேன்.

1. முதலில் டாங்க் தண்ணீரை வெளியே விடுங்கள். செலவு பூஜ்யம்.

2. மெஷினை இடைவிடாமல் ஓட்டாதீர்கள். ஆற விடுங்கள். மூச்சு முட்டும் மூலையில் வைக்காமல் சுவரை விட்டுத் தள்ளி, காற்றோட்டமாக வையுங்கள். செலவு பூஜ்யம்.

3. ஃபில்டர், ரெகுலேட்டர் வரிசையைச் சரி செய்யுங்கள். செலவு, ஒரு ஹோஸ், நாலு கனெக்டர்.

4. இத்தனையும் செய்த பிறகும் பெயிண்டில் குறை தெரிந்தால் மட்டும் சிலிக்கா ஜெல். அதையும் ஃபில்டருக்குப் பின்னால்தான் மாட்ட வேண்டும். முன்னால் மாட்டினால் துளித் தண்ணீரே அதை நிரப்பி, ஒரே நாளில் மணி எல்லாம் நிறம் மாறி உட்கார்ந்து விடும். நிறம் மாறிய மணிகளைச் சூடாக்கித் திரும்பவும் பயன்படுத்தலாம். ஆனால் நீல நிற மணிகளில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சு சேர்ந்திருக்கும். சமையலறை ஓவன் பக்கமே கொண்டு போகாதீர்கள். ஆரஞ்சு நிறத்தில் கோபால்ட் இல்லாதது கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

5. ரெஃப்ரிஜரேட்டட் ட்ரையர். காற்றை 3 டிகிரி அளவுக்குக் குளிர வைத்துப் பிழியும் அருமையான சாதனம்தான். நாள் முழுக்க ஓடும் பட்டறைக்கு அவசியம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓடும் வீட்டு மெஷினுக்கு, முதல் நாலையும் செய்யாமல் இதை வாங்குவது, சேவிங்ஸ் அக்கவுண்டில் மினிமம் பேலன்ஸ் இல்லாதவர் லாக்கர் கேட்பது மாதிரி.

"வெறும் டயருக்குக் காற்று அடிக்கத்தான் வைத்திருக்கிறேன், ஈரம் இருந்தால் என்ன?" என்றால், டயருக்குப் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை என்று ஒப்புக் கொள்கிறேன். பெட்ரோல் பங்கில் நைட்ரஜன் அடிப்பதிலும் சாதாரணக் காரைப் பொறுத்தவரை சொல்லும்படியான ஒரு நல்ல விஷயம், அது காய்ந்த வாயு என்பதுதான். மற்றபடி நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் என் கவலை டயர் இல்லை. டாங்க்.

பி.வி.சி. பைப் வேண்டவே வேண்டாம்

ஆற வைக்கக் குழாய் போடச் சொன்னதும் உடனே பிளம்பரைக் கூப்பிட்டு விடாதீர்கள். அவர் கையில் இருப்பது பி.வி.சி.யும் சி.பி.வி.சி.யும்தான். "பத்து கிலோ பிரஷர் தாங்கும் சார்" என்று பைப் மேல் எழுதியிருப்பதைக் காட்டுவார். எழுதியிருப்பது உண்மைதான். அது தண்ணீருக்கு.

தண்ணீர்க் குழாய் வெடித்தால் சுவர் நனையும். தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் அதில் சேமித்து வைத்த சக்தி மிகக் குறைவு. காற்று அப்படி இல்லை, சுருட்டி வைத்த ஸ்பிரிங் மாதிரி. பி.வி.சி. விரிசல் விட்டால் கண்ணாடிச் சில்லு மாதிரி பறக்கும். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, தரைக்கு மேல் அழுத்தக் காற்றுக்கு பி.வி.சி. குழாய் போடுவதைப் பற்றி 1988லேயே எச்சரிக்கை வெளியிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் நம் ஊர் கராஜ்களில் அதை ஒட்டிக் கொண்டிருக்கிறோம். செம்பு, ஜி.ஐ., அலுமினியம் இதில் ஏதாவது ஒன்றைப் போடுங்கள். முடியாவிட்டால் நல்ல ரப்பர் ஹோஸ். அதுவே போதும்.

உலோகக் குழாய் போடுபவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். குழாய் நூறுக்கு ஒன்று என்ற அளவிலாவது சரிந்து போக வேண்டும், சரியும் கோடியில் ஒரு வால்வு வேண்டும். நடுவில் கிளை எடுத்தால் குழாயின் மேல் பக்கத்திலிருந்து எடுத்து வளைத்துக் கீழே இறக்குங்கள். அடிப்பக்கத்திலிருந்து எடுத்தால் தண்ணீர் அந்த வழியாக வந்து உங்களை நலம் விசாரிக்கும்.

டாங்க் என்ன சொல்கிறது?

இப்போது முக்கியமான விஷயம். டாங்க் இரும்பு. உள்ளே தண்ணீர், கூடவே அழுத்தத்தில் ஆக்ஸிஜன். துருப்பிடிக்க இதைவிடச் சௌகரியமான இடம் உண்டா? வெளியே பளபளவென்று பெயிண்ட் இருக்கும். உள்ளே அடிப்பாகத்தில், தண்ணீர் தேங்கும் அந்த ஒரு கோட்டில் மட்டும் தகடு மெலிந்து கொண்டே வரும். கேஜில் தெரியாது, சத்தத்தில் தெரியாது.

கடன் கணக்கில் 90 நாள் பணம் வராவிட்டால் வாராக்கடன் என்று சிவப்பு மை அடித்து விடுகிறோம். டாங்குக்கு அப்படிச் சிவப்பு மை கிடையாது. ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணீரோடு கிடந்தாலும் அடுத்த ஞாயிறு சமர்த்தாக 8 பார் ஏற்றிக் காட்டும். அதுதான் ஆபத்து.

எவ்வளவு ஆபத்து? 50 லிட்டர் டாங்கில் 8 பார் அழுத்தத்தில் இருக்கும் சக்தி சுமார் 50 கிலோ ஜூல். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதினால் எவ்வளவோ அவ்வளவு. அந்தக் காரை உங்கள் கராஜில், குழந்தையின் சைக்கிளுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அதைப் பிடித்து வைத்திருக்கும் பிரேக், அந்த மெலிந்த தகடு.

1948ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 31வது பிரிவு என்று ஒன்று அழுத்தத்தில் இயங்கும் சாதனங்களுக்காகவே எழுதப்பட்டது. பாதுகாப்பான அழுத்தத்தைத் தாண்டக் கூடாது, மாநில அரசுகள் பரிசோதனைக்கு விதி வகுக்கலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. தொழிற்சாலைக்கு இன்ஸ்பெக்டர் வருவார். உங்கள் கராஜுக்கு யாரும் வர மாட்டார்கள். இன்ஸ்பெக்டரும் நீங்கள்தான், ஆடிட்டரும் நீங்கள்தான், (எதாவது ஆனால்) பாதிக்கப்படுவதும் உங்கள் வீட்டு ஆட்கள்தான். என் காட்டத்துக்குக் காரணம் இதுதான்.

எங்கள் வரிசையில் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி இருக்கிறார். போன வருஷம் மழை முடிந்ததும் அவர் மெஷினில் டாங்க் அடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு பொத்தல். உஸ்ஸென்று காற்று. "ஒரு பொட்டு வெல்டிங் வச்சிட்டா சரியாப் போயிரும்லா தம்பி? புது டாங்குக்கு யாரு காசு குடுக்க?" என்றார்.

"அண்ணாச்சி, ஓட்டை ஒண்ணுதான் தெரியுது. அதைச் சுத்தி இருக்கிற தகடு எவ்வளவு மெலிஞ்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்? வெல்டிங் வைக்கிறவன் ஓட்டையை அடைப்பான், தகட்டைத் தடிமனாக்க மாட்டான். இது டாங்க் உங்களுக்குக் குடுத்த ராஜினாமாக் கடிதம். ஏத்துக்கிடுங்க" என்றேன்.

ரெண்டு நாள் யோசித்தார். அவருடைய பேத்தி சைக்கிளுக்குக் காற்றடிக்க தினமும் அந்த டாங்க் பக்கத்தில்தான் குந்துகிறாள் என்பதை வீட்டில் யாரோ ஞாபகப்படுத்தியிருக்கிறார்கள். டாங்கைத் தூக்கி விட்டார். அதிலும் அண்ணாச்சி ஒரு காரியம் செய்தார் பாருங்கள், அதற்காக அவரைக் கோயில் கட்டிக் கும்பிடலாம். பங்கார்வாலாவிடம் போடும் முன், காற்றை முழுக்க இறக்கிவிட்டு, டாங்கில் டிரில் போட்டு நாலைந்து பெரிய ஓட்டை போட்டுத்தான் கொடுத்தார். "இல்லேன்னா எவனாவது பெயிண்ட் அடிச்சு இன்னொருத்தன் தலையில கட்டிருவான்" என்றார். நூத்துக்கு நூறு உண்மை. புதிதாகப் பெயிண்ட் அடித்த செகண்ட் ஹாண்ட் டாங்கை வாங்காதீர்கள் என்பதும் இதே காரணத்தால்தான். டிரான்ஸ்ஃபரில் போகிறவர் சல்லிசாகக் கொடுக்கிறார் என்றாலும், மோட்டாரையும் பம்பையும் வாங்குங்கள், டாங்கைப் புதிதாகப் போடுங்கள். பழைய டாங்கேதான் வேண்டும் என்றால் தண்ணீர் நிரப்பிச் செய்யும் ஹைட்ரோ டெஸ்ட்டும், தகட்டின் தடிமன் அளக்கும் அல்ட்ராசோனிக் சோதனையும் செய்து கொடுக்கச் சொல்லுங்கள். காற்றை ஏற்றி "பாருங்க, தாங்குது" என்று காட்டுவது சோதனை இல்லை, சூதாட்டம்.

திருகைத் திறப்பது எப்படி?

இதற்கும் ஒரு முறை உண்டு. வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். கேஜில் 1, 2 பார் வரும் வரை காற்றைச் செலவழியுங்கள். அப்புறம் டாங்கை லேசாக வால்வு பக்கம் சாய்த்து, முகத்தை விலக்கிக் கொண்டு, மெதுவாகத் திறங்கள். முழு அழுத்தத்தில் சடாரென்று திறந்தால் துருவும் மண்ணும் கண்ணில் பாயும். கீழே ஒரு பழைய பெயிண்ட் டப்பாவை வையுங்கள். கடைசியில் வால்வைத் திறந்தே விட்டு விடுங்கள். அடுத்த தடவை மூடிக் கொண்டால் போதும். உள்ளே மிச்சம் இருக்கும் ஈரமும் கொஞ்சம் காயும்.

டப்பாவில் விழும் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பது பாஸ்புக் பார்ப்பது மாதிரி. தெளிவாக இருந்தால் சந்தோஷம். காப்பி நிறம் என்றால் துரு ஆரம்பித்து விட்டது. தடவைக்குத் தடவை அடர்த்தி கூடினால் டாங்கைச் சோதிக்க வேண்டிய நேரம். பால் மாதிரி வெள்ளையாக வந்தால் எண்ணெய் கலக்கிறது. பம்ப் எண்ணெயே கண்ணாடி வழியாகப் பால் நிறத்தில் தெரிந்தால், ஒவ்வொரு தடவையும் ரெண்டு நிமிஷம் மட்டும் ஓட்டி, பம்ப் சூடாகாமலேயே நிறுத்தி விடுகிறீர்கள், ஈரம் எண்ணெயிலேயே தங்கி விட்டது என்று அர்த்தம் கொள்ளலாம். எண்ணெயை மாற்றுங்கள். எண்ணெய் கலந்த தண்ணீரைத் துளசிச் செடியிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள்.

"குனிய முடியலப்பா, முதுகுவலி" என்பவர்களுக்கு: அந்தத் திருகைக் கழற்றிவிட்டு ஒரு பித்தளை எல்போ, சின்னத் துண்டுக் குழாய், டாங்குக்கு வெளியே வரும்படி ஒரு பால் வால்வு போட்டுக் கொள்ளுங்கள். (காற்று துளியும் இல்லாதபோதுதான் கழற்ற வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.) குடும்பத்தோடு ஒரு வேளை உடுப்பி ஓட்டலில் சாப்பிடும் செலவுக்குள் முடிந்து விடும். இதுவரை உங்கள் மெஷினுக்குச் செய்த செலவுகளிலேயே உருப்படியானது இதுவாகத்தான் இருக்கும்.

ஆட்டோ ட்ரெய்ன் போட்டால் என்ன என்று கேட்கிறார்கள். போடலாம், தப்பில்லை. ஆனால் துருத்தூள் அடைத்து அது வேலை செய்யாமல் போனால் உங்களுக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் நீங்கள்தான் அந்தப் பக்கம் போவதையே விட்டு விட்டீர்களே! ஆகவே ஆட்டோ ட்ரெய்ன் இருந்தாலும் மாதம் ஒரு முறை கையால் திறந்து பாருங்கள். கூடவே சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்து, காற்று வந்து, விட்டதும் நின்று விடுகிறதா என்று பாருங்கள். அது கசிகிறது என்று கழற்றிவிட்டு ஒரு போல்ட்டை முறுக்கி அடைக்கும் புத்திசாலிகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பக்கம் போகாதீர்கள்.

ஊருக்குப் போகும் முன்

நம்ம மாதிரி வெளியூரில் குப்பை கொட்டும் குடும்பங்களுக்கு ஒரு விசேஷப் பிரச்சினை உண்டு. மே மாதம் லீவ் விட்டால் ஒரு மாதம் ஊர். நடுவில் ஒரு கல்யாணம், ஒரு கும்பாபிஷேகம், பொங்கலுக்கு ஒரு வாரம். கிளம்பும் நாளில் கேஸ் சிலிண்டர் மூடியாச்சா, ஃப்ரிட்ஜ் காலி பண்ணியாச்சா, துளசிச் செடியை எதிர் வீட்டு மௌஷியிடம் கொடுத்தாச்சா, பால்காரரிடம் சொல்லியாச்சா என்று தங்கமணி ஒரு பட்டியல் வைத்திருப்பார். அந்தப் பட்டியலில் இன்னும் ஒரு வரி சேருங்கள். "கம்ப்ரஸர் டாங்க் காலி, அடி வால்வு திறந்து, பிளக் பிடுங்கியாச்சு."

பிரஷர் ஸ்விட்ச் இருக்கிறதே, தானாக நின்று விடுமே என்பார்கள். நிற்கும். ஹோஸில் ஒரு சின்னக் கசிவு இருந்தால், அழுத்தம் இறங்க இறங்கத் தானாக ஓடவும் செய்யும். பூட்டிய வீட்டில், யாரும் இல்லாமல், ஒரு மாதம் முழுக்க, கேட்காத ஆளுக்காகக் காற்றை அமுக்கித் தண்ணீரைச் சேர்த்துக் கொண்டே இருக்கும். அதைவிட அநியாயமான செலவு ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம்.

இந்த வாரக் கடைசியில் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். டாங்குக்கு அடியில் கை விட்டு அந்தத் திருகு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். டப்பாவை வைத்து, மெதுவாகத் திறங்கள். என்ன நிறம் வருகிறது என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். அப்புறம் அந்த வேலையை யார் செய்வது என்று சண்டை போட்டு ஒரு ஆளை நியமித்து விடுங்கள். எங்கள் வீட்டில் பையனுக்கு அந்தப் பதவி. சம்பளம் கிடையாது, ஆனால் அவனுக்கு அந்த "புஸ்ஸ்ஸ்" சத்தம் பிடித்திருக்கிறது.

டிஸ்கி: கணக்கெல்லாம் சுமாரான எண்கள்தான், பைசா சுத்தமாகப் பார்க்காதீர்கள். உங்கள் மெஷினோடு வந்த புத்தகத்தில் அழுத்தம் பற்றி எழுதியிருப்பதுதான் கடைசி வார்த்தை. ஆபீசில் ஆணி அதிகம், அடுத்த வாரம் பார்ப்போம்.